இருட்டு கையில் இருக்க, வெளிச்சத்துக்கு ஏன் அலைகிறீர்கள்?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டி, அப்பா காலத்தில் முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கி வைத்திருந்த அறை ஒன்று சும்மா கிடந்தது. 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம், கான்கிரீட் தளம். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அதை ஹோம் தியேட்டர் ஆக்க வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. இணையத்தில் 12,000 ரூபாய்க்கு ‘15,000 லூமன்ஸ், 4கே’ என்று ஒரு புரஜெக்டர் வருகிறது. கடைக்காரரோ, “4,000 லூமன்ஸுக்குக் குறையாமல் ஆபீஸ் மாடல் எடுங்கள்” என்கிறார். “இருட்டறையில் அவ்வளவு வெளிச்சம் பிள்ளைகளின் கண்ணைக் கெடுத்துவிடும்” என்கிறார் நண்பர். என் பிள்ளைகளுக்கு வயது ஒன்பதும் ஆறும். சுரங்கப் பக்கம் என்பதால் தூசியும் அதிகம், கரண்டும் சீராக வராது. “இருக்கிற டிவி போதாதா?” என்கிறார் மனைவி. பணம் வீணாகிவிடுமோ என்று தூக்கமே வரவில்லை. என்ன வாங்கலாம்?
– ச.மு., முத்தாண்டிக்குப்பம்

பதில்: அன்புள்ள ச.மு., முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை. ஆகவே எதுவும் வீணாகவில்லை. பெரும்பாலோருக்குக் கிடைக்காத ஒன்று, முழு இருட்டு, உங்களுக்கு இலவசமாகவே அமைந்திருக்கிறது. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் கனத்த திரைச்சீலைக்கும் விசேஷத் திரைக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்தும் இந்த இருட்டை முழுதாகப் பெறுவதில்லை. பிள்ளைகளின் கண்ணைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. கீழே விளக்குகிறேன்.

இருட்டின் மதிப்பை நம்மூர் சினிமா தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களிலும் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். கூடாரத்துக்குள் வெயில் கசிந்தால் எந்த விளக்கும் எடுபடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். லூமன் என்பது ஒரு விளக்கு வெளியே விடும் மொத்த ஒளியை அளக்கும் அலகு. திரையரங்குக்கென வகுத்த அளவுப்படி, ஃபிலிம் காலத்தில் திரையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறத்தாழ 16 லூமன் ஒளி விழ வேண்டும். டிஜிட்டல் காட்சிக்கு 14 போதும். உங்கள் அறைக்குப் பொருத்தமான திரை 100 அங்குலம் (மூலைக்கு மூலை அளவு). அதன் அகலம் 7 அடி 3 அங்குலம், உயரம் 4 அடி 1 அங்குலம், பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி. 30-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 480 லூமன். முழு இருட்டில், திரையரங்கின் வெளிச்சத்துக்கு உங்களுக்குத் தேவை அவ்வளவுதான்.

நிறம் சரியாகத் தெரியும் ‘சினிமா’ நிலையில் வைத்தால் எந்தப் புரஜெக்டரிலும் வெளிச்சம் கணிசமாகக் குறையும். பல்பு வகையாக இருந்தால் அதன் ஆயுள் முடியும் தறுவாயில் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், பெட்டியில் நேர்மையாக 2,000 லூமன் என்று எழுதியிருந்தால் போதும். இப்போது வரும் வீட்டு மாடல்கள் பலவற்றில் 2,500, 3,000 என்று இருக்கும். அவற்றைச் சிக்கன நிலையில் (விளக்கின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது) வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்த 15,000? உங்கள் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமன் தருகிறது. அதாவது ஒரு வாட்டுக்கு 100. இத்தகைய மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 50, 60 வாட்தான் இழுக்கும். பல்பிலிருந்து 6,000 லூமன் கிளம்பினாலும், உள்ளே இருக்கும் ஒற்றை எல்.சி.டி. தகட்டைக் கடந்து வெளியே வருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. திரைக்கு வந்து சேர்வது சில நூறுதான். உண்மையான 15,000 லூமன் இயந்திரம் பெரிய மண்டபங்களுக்கானது. ஒரு ஆள் தனியாகத் தூக்கத் தயங்கும் எடை, பல லட்சம் விலை. வாங்கும்போது வெறும் ‘லூமன்ஸ்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். ‘ஆன்சி லூமன்’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. லூமன்’ (வரையறுத்த முறைப்படி, திரையில் விழும் ஒளியை அளந்து சொல்லும் கணக்கு) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரர் சொன்ன 4,000 லூமன் ஆபீஸ் மாடலில் ஏமாற்று இல்லை. ஆனால் அது வேறு இடத்துக்கான பொருள். டியூப்லைட் எரியும் கூட்ட அறையில் கணக்குப் பட்டியல் காட்ட அது உதவும். உங்கள் அறையில் முழு வேகத்தில் ஓட்டினால், திரையரங்கைப் போல் எட்டு மடங்கு வெளிச்சம் அடிக்கும். அதைவிடப் பெரிய குறை, இரவுக் காட்சியில் கருப்பு வானம் சாம்பல் பூத்துத் தெரியும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது. புரஜெக்டரால் கருப்பை உமிழ முடியாது. திரையில் ஒளி விழாத இடமே நமக்குக் கருப்பாகத் தெரிகிறது. எந்த இயந்திரமும் கொஞ்சம் ஒளியைக் கசியவிடும். அதன் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள விகிதத்தையே கான்ட்ராஸ்ட் என்கிறோம். விளக்கு கூடினால் கசிவும் கூடும். இருண்ட அறையில் கண் பழகிவிடுவதால் அந்தக் கசிவு பளிச்சென்று தெரியும். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது கருப்பைத்தான். விளம்பரத்தில் வரும் ‘பத்து லட்சத்துக்கு ஒன்று’ போன்ற எண்கள் டைனமிக் கான்ட்ராஸ்ட் (காட்சிக்குக் காட்சி விளக்கைக் கூட்டிக் குறைத்து எடுத்த கணக்கு). நீங்கள் கேட்க வேண்டியது நேட்டிவ் கான்ட்ராஸ்ட் (விளக்கை மாற்றாமல், இயந்திரம் இயல்பாகக் காட்டும் விகிதம்).

எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் அதைக் கெடுக்கக்கூடிய ஒன்று இப்போதே உங்கள் அறையில் இருக்கிறது: வெள்ளைச் சுவர். திரையில் பட்ட ஒளி சுவரிலும் கூரையிலும் மோதி மறுபடி திரைக்கே திரும்பி, கருப்பை வெளுக்க வைக்கும். திரை இருக்கும் சுவர், அதை ஒட்டி இரண்டு பக்கமும் ஆறடி, மேலே கூரையில் ஆறடி, இவற்றுக்காவது கருநீலம், கரும்பச்சை, காப்பிக்கொட்டை நிறம் என ஏதாவது ஒரு அடர்ந்த வண்ணம் பூசுங்கள். பளபளக்கும் எனாமல் வேண்டாம். மேட் (மினுக்கு இல்லாத) பெயிண்ட் கேளுங்கள். தரை வழவழப்பாக இருந்தால் அடர்நிற ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். இந்தச் சில ஆயிரம் ரூபாய் வேலை தரும் பலனை, புரஜெக்டரில் கூடுதலாகக் கொட்டும் இருபதாயிரம் தராது.

இயந்திரத்தில் மூன்று வகை உண்டு. டி.எல்.பி. என்பது லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் பதித்த சில்லால் படம் காட்டுவது. 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது. படம் கூர்மையாக இருக்கும். உள்ளே தூசி நுழையும் வாய்ப்பும் குறைவு. ஆனால் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால் சிலர் கண்ணுக்கு விளிம்புகளில் வானவில் கோடு தெரியும், தலை வலிக்கும். மூன்று தகட்டு எல்.சி.டி. மூன்று நிறங்களையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் காற்று வடிகட்டியைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். மூன்றாவது எல்.சி.ஓ.எஸ். (கண்ணாடிப் பரப்பின் மேல் திரவப் படிகம் கொண்டது). கருப்பில் இதுவே சிறந்தது. ஜே.வி.சி.யும் சோனியும் செய்கின்றன. விலை பல லட்சம் என்பதால் இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

4கே விஷயத்தில் எச்சரிக்கை. ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். காட்டுவது அதைவிடக் குறைந்த புள்ளிகளில் இருக்கலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ (இயந்திரத்தின் சொந்தப் புள்ளிக் கணக்கு) 1920 × 1080 இருக்கட்டும். 100 அங்குலத் திரையில் இதன் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். 11 அடி தள்ளி உட்காரும்போது சாதாரணக் கண் பிரித்தறியும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. திரையரங்குகள் பலவும் இன்னும் 2கே-யில்தான் ஓட்டுகின்றன. உங்கள் பட்ஜெட்டில், கருப்பு சாம்பலாகத் தெரியும் 4கே-யைவிட, கருப்பு கருப்பாகத் தெரியும் 1080 மேல்.

இனி பிள்ளைகளின் கண். திரையிலிருந்து வருவது பட்டுத் திரும்பும் ஒளி. மேலே சொன்ன கணக்கில் அமைத்தால், உங்கள் வீட்டு டிவியின் வெளிச்சத்தில் பாதிகூட இருக்காது. ஆபத்து ஒன்றே ஒன்று: எரியும் லென்சை நேராக உற்றுப் பார்ப்பது. அதனால் மேசைமேல் வைக்காமல் கூரையில் மாட்டுங்கள். பிள்ளைகளைத் திரைக்கு எட்டடிக்குள் உட்கார விடாதீர்கள், இடைவேளையில் விளக்கைப் போடுங்கள். அவர்கள் மாலையில் வெளியே ஓடி விளையாடுவது குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, முன்னால் நகர்ந்து நகர்ந்து போனாலோ, கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணைவிட எனக்குக் கவலை தருவது அந்த அறையின் காற்று. ஜன்னல் இல்லாத அறையில் நான்கு பேர் மூன்று மணி நேரம் இருப்பீர்கள். புரஜெக்டரும் சுமார் 300 வாட் வெப்பம் விடும். வாங்குவதற்கு முன்பே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். காற்று உள்ளே வர எதிர்ச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு துவாரம் வேண்டும். இரண்டுக்கும் வளைந்த குழாய் வைத்தால் காற்று வரும், வெயில் வராது. பல புரஜெக்டர்கள் 35 டிகிரி வரையில்தான் தாங்கும். சித்திரை வெயில் ஏறிய தளத்தின் அடியில் அது எளிதாகத் தாண்டும். ஆகவே கூரையை ஒட்டி மாட்டாமல் ஓரடி, ஒன்றரை அடி இறக்கி மாட்டுங்கள். கோடையில் ராத்திரி ஆட்டம் மட்டும் போதும்.

சுரங்கத் தூசிக்கும் பழைய முந்திரித் தூசிக்கும்: பெயிண்ட் அடிக்கும் முன் சுவரையும் தரையையும் கழுவி நன்றாகக் காய விடுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வாரம் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்.

மின்சாரத்துக்கு, நல்ல எர்த் இணைப்பும் 1 கே.வி.ஏ. யு.பி.எஸ்ஸும் வேண்டும். படம் ஓடும்போது கரண்ட் போனாலும் பல்பு விசிறியால் ஆறி அணைய அது நேரம் கொடுக்கும். இடி இடித்தால் மின் பிளக்கை மட்டுமல்லாமல் கேபிள் வயரையும் கழற்றுங்கள். 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலை உங்கள் வட்டாரம் மறந்திருக்காது. அப்படிப் பெருங்காற்றுக்குப் பின் கரண்ட் திரும்பும்போது, ஒரு நாள் பொறுத்து ஏற்ற இறக்கம் அடங்கியபின் இணையுங்கள்.

பல்பா, லேசரா? வாரம் பத்து மணி நேரம் பார்த்தால் ஆண்டுக்கு 520 மணி. 4,000 மணி பல்பு ஏழு ஆண்டுக்கு மேல் வரும். தினமும் செய்தி, சீரியல், கிரிக்கெட் என்றால்தான் லேசர் வேண்டும். அதற்கெல்லாம் டிவி போதும் என்று உங்கள் மனைவி சொல்வது சரியே. டிவி கூடத்தில் இருக்கட்டும். இந்த அறை படம் பார்க்க மட்டும்.

செலவை இப்படிப் பிரியுங்கள்: பெயிண்ட், காற்றோட்டம், மின்வேலைக்கு 15,000. புரஜெக்டருக்கு 60,000 முதல் 65,000 வரை. மீதி ஸ்பீக்கருக்கு. திரைக்கு முதல் ஆறு மாதம் காசு வேண்டாம். வழவழப்பாகப் பூசிய சுவரில் மேட் வெள்ளை அடித்து, சுற்றி மூன்று அங்குலம் கருப்புக் கரை கட்டினால் போதும். வெளிச்சத்தை விலக்கும் விசேஷத் திரை உங்கள் இருட்டுக்குத் தண்டம். 2025 செப்டம்பர் 22 முதல் புரஜெக்டருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் சுட்டிக்காட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது குடும்பத்தோடு போங்கள். விளக்கை அணைக்கச் சொல்லி, இரவுக் காட்சி உள்ள ஒரு படத்தை ஓடவிடுங்கள். படத்துக்கு மேலும் கீழும் வரும் கருப்புப் பட்டையைப் பாருங்கள். இரண்டு மாடலில் எதில் அது கறுத்துத் தெரிகிறதோ அதுவே உங்களுக்கு. வானவில் கோடு தெரிகிறதா என்று நால்வரும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘த்ரோ ரேஷியோ’ (திரையின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்ற கணக்கு) 1.2-க்கும் 1.5-க்கும் இடையில் இருந்தால், திரையிலிருந்து 9 முதல் 11 அடிக்குள் மாட்டலாம். நேராக மாட்டினால் கீஸ்டோன் (கோணலான படத்தை நேராக்கும் வசதி) தேவைப்படாது; அதைப் பயன்படுத்தினால் புள்ளிகள் வீணாகும். லென்ஸ் ஷிஃப்ட் (லென்சை மட்டும் நகர்த்தும் வசதி) உள்ள மாடல் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

பெயிண்டும் எக்ஸாஸ்டும் முடிந்த பிறகு மட்டும் புரஜெக்டருக்குப் பணம் கட்டுங்கள். அதற்குள் இரண்டு மாடல்களைத் தேர்ந்து, அவற்றின் எண்ணை எழுதி அனுப்பினால் எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.