இயக்கச்சூழலும் ஊர்ப்பெயரும்

விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லை ஒட்டி அமைந்த சிற்றூர் குயிலாப்பாளையம். இலக்கணப்படி அப்பெயரில் 8 எழுத்துகள் உள்ளன. அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே கொள்ளும் ஒருங்குறியில் அவை 15 குறிகளாகும், யூ.டி.எஃப்-8 முறையில், குறிக்கு மூன்றாக, 45 பைட்டுகள்.

ஜாவாவில் எழுதப்பட்ட இணையச் செயலி ஒன்று இப்பெயரைப் பதிவு செய்வதாகக் கொள்க. அந்நிரல் தானே இயங்காது. வழங்கியில் ஜாவா இயக்கச்சூழலை முதலில் நிறுவி, அது அமைந்த இடத்தை 'ஜாவா ஹோம்' என்னும் சூழல் மாறியில் குறித்து, பின்னரே டாம்கேட்டை நிறுவுதல் வேண்டும். பலர் இவ்வளவில் நின்றுவிடுவர். 2022இல் வெளிவந்த ஜாவா 18க்கு முற்பட்ட பதிப்புகள், குறியாக்கம் இன்னதெனக் கூறப்படாவிடத்து, இயங்குதளத்தின் குறியாக்கத்தையே பொதுவாக ஏற்றன. அது இலத்தீன் எழுத்துக்கு மட்டும் உரியதாயின், ஊர்ப்பெயர் 15 வினாக்குறிகளாகச் சிதையும். அதே நிரல் வேறொரு கணினியில் செவ்வனே இயங்குமாதலின், பிழையை நிரலில் தேடுவார்க்கு அஃது எளிதில் அகப்படாது. தரவுத்தளத்தில் வினாக்குறிகளே பதிவாகிவிட்டாலோ, அவற்றிலிருந்து பெயரை மீட்க வழியில்லை.

ஆகவே, பழைய பதிப்பை நிறுவுவோர் தொடக்கக் கட்டளையிலேயே யூ.டி.எஃப்-8 எனக் குறித்தல் வேண்டும். ஜாவா 18 முதல் அதுவே இயல்நிலை. நிறுவியபின் தமிழ்ப்பெயர் ஒன்றை உள்ளிட்டுச் சோதிப்பது நன்று. ஆங்கிலச் சொல்லால் சோதித்தால் இக்குறை வெளிப்படாது.