கீழாநெல்லியும் மஞ்சட்காமாலையும்

ஆவணி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும். வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் கழனி வரப்பு, கிணற்றடி, வீட்டுக் கொல்லை என எங்கும் கீழாநெல்லி முளைத்துவிடும். அதனை யாரும் விதைப்பதில்லை. நீர் ஊற்றுவதும் இல்லை. ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை வளரும் இப்பூண்டின் இணுக்குகள், புளிய இலையைப் போல இருபுறமும் சிற்றிலைகளைத் தாங்கி நிற்கும். இணுக்கைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடிப்புறத்தில் கடுகினும் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். கீழே காய்ப்பதால் கீழ்க்காய்நெல்லி எனப்பட்டு, அதுவே கீழாநெல்லி என மருவிற்று. நாம் உண்ணும் பெருநெல்லியும் இதே இனத்தைச் சார்ந்ததே. தாவர நூலார் இதனைப் பில்லாந்தஸ் அமாரஸ் என்பர். அமாரஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கசப்பானது என்று பொருள். இலையை ஒருமுறை மென்றவர்க்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு உறவான பூண்டுகள் பல உண்டு. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருப்பது சிவப்புக் கீழாநெல்லி. மேலாநெல்லி என்பது பிறிதொன்று. உலர்த்திக் கட்டி நாட்டு மருந்துக் கடைக்கு வரும்போது இவை ஒன்றோடொன்று கலந்துவிடுவதும் உண்டு. ஆகவே, கடைச் சரக்கை வாங்குவோர் அதனை அறிந்தவரிடம் காட்டிப் பெறுதல் நன்று.

சித்த மருத்துவத்தில் இதன் சமூலம், அதாவது வேர் முதல் காய் வரை முழுச் செடியும், பயன்படுகிறது. நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு, உடற்சூடு ஆகியவற்றிற்கு இதனைக் கொடுப்பர். இலையை உப்புடன் அரைத்துச் சொறி சிரங்கிற்குப் பூசுவர். கடல் கடந்த பிரேசில் நாட்டு மக்கள், இதன் நெருங்கிய உறவுப் பூண்டு ஒன்றைச் சிறுநீர்க் கல்லுக்குக் கொடுத்து, அதற்குக் ‘கல்லுடைப்பான்’ என்று பொருள்படும் பெயரையே இட்டிருக்கின்றனர். எனினும், நம் மக்கள் உள்ளத்தில் கீழாநெல்லி என்றவுடன் எழுவது மஞ்சட்காமாலையே. பச்சைச் செடியை அரைத்து, நெல்லிக்காயளவு உருண்டையை மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் சில நாட்கள் கொடுப்பது ஊர்தோறும் அறிந்த முறை. சூரிய உதயத்திற்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பாரும் உளர். இரவு உணவை நீக்கிய விரதியர் இதுபற்றி மனம் வருந்த வேண்டா. உதயத்திற்குப் பின் உட்கொண்டால் மருந்தின் குணம் குன்றும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். மஞ்சட்காமாலை என்பது நோயின் பெயர் அன்று, நோயின் அடையாளம். குருதியிலுள்ள சிவப்பு அணுக்கள் முதிர்ந்து சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனைப் பிரித்தெடுத்துப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்புகிறது. இவ்வழியில் எங்குத் தடை நேர்ந்தாலும், அப்பொருள் குருதியில் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும். நீரினால் பரவும் கிருமி கல்லீரலைத் தாக்கியிருக்கலாம். குருதியினால் பரவும் கிருமியாக இருக்கலாம். மதுவோ சில மருந்துகளோ காரணமாகலாம். பித்தக்கல் குழாயை அடைத்திருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், முதியவர்க்குக் கணையத்தில் தோன்றிய புற்றுநோயாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் கண்ணின் நிறம் ஒன்றே. ஆனால், பித்தக்கல் அடைப்பை எந்தப் பச்சிலையும் திறந்துவிடாது.

நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படுவது நீரினால் பரவும் ‘ஏ’ வகைக் காமாலை. அது பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும் இயல்புடையது. அத்தகையவர் கீழாநெல்லி உண்டாலும் குணமடைவர். உண்ணாவிடினும் பெரும்பாலும் குணமடைவர். மருந்து கொடுத்தவருக்குப் புகழ் சேர்கிறது. அப்புகழை நம்பிப் பித்தக்கல் உடையவரும், புற்றுநோய் உடையவரும் அவர் வாயிலில் வந்து நின்று, விலைமதிப்பற்ற நாட்களை இழந்துவிடுகின்றனர்.

அங்ஙனமாயின் கீழாநெல்லிக்குக் குணமே இல்லையோ எனில், அவ்வாறு கூறுவதும் முறையன்று. 1988-ஆம் ஆண்டு சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர் நடத்திய ஆய்வு, ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. ‘பி’ வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் அவர்களும் அதில் பங்கு கொண்டார். அக்கிருமியை உடலில் தாங்கியிருந்தோர்க்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளையாக 30 நாட்கள் கொடுக்கப்பட்டது. பின்னர்ச் சோதித்தபோது 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் மாவு மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகமே இச்சிறு பூண்டைத் திரும்பிப் பார்த்தது. ஆயினும், 1990-இல் தாய்லாந்தில் செய்த ஆய்வில் அப்பயன் கிட்டவில்லை. இவ்வினப் பூண்டுகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், நாட்பட்ட ‘பி’ வகை நோய்க்கு இவை வெறும் மாவு மருந்தைவிடப் பயன் தரும் என நம்பத்தக்க சான்று இல்லை என 2011-இல் கூறினர். நம் நாட்டுப் பச்சிலை என்பதற்காக முதல் ஆய்வை மட்டும் மேடைதோறும் முழங்கிவிட்டுப் பின்னவற்றை மறைப்பது நேர்மையாகாது.

எனவே, கண் மஞ்சளானால் அம்மியைத் தேடுமுன் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்கு வசதி உண்டு. நோய் இன்னதெனத் தெரிந்தபின், தகுதி பெற்ற சித்த மருத்துவரின் கண்காணிப்பில் கீழாநெல்லியை உட்கொள்வதற்கு நாம் தடை கூறவில்லை. ஆனால், நோயாளி பிதற்றினாலும், பகலெல்லாம் உறங்கி விழுந்தாலும், குருதி கசிந்தாலும், குளிர்காய்ச்சலுடன் வயிறு வலித்தாலும், மலம் வெளுத்து உடல் அரித்தாலும் ஒரு வேளையும் தாமதிக்கலாகாது. கருவுற்ற பெண்கள் செய்தி இன்னும் கடுமையானது. நீரினால் பரவும் ‘இ’ வகைக் காமாலை கருவின் கடைசி மூன்று மாதங்களில் தாக்கினால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடும் என்று உலக நல நிறுவனம் கூறுகிறது. பிறந்த குழவிக்கு வரும் காமாலைக்கும் பச்சிலைச் சாறு புகட்டுதல் கூடாது. அது மிகுந்தால் மூளையைக் கெடுக்கும். மருத்துவமனையில் நீல ஒளியின் கீழ்க் கிடத்தி அதனை எளிதில் தணிக்கின்றனர். கண்ணில் சாறு பிழியும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். மஞ்சள் குருதியிலிருந்து வருவது. கண்ணைக் கழுவினால் போகாது, புண்தான் உண்டாகும்.

கீழாநெல்லியிலும் எச்சரிக்கைக்கு இடம் உண்டு. குருதியின் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இதற்கு இருப்பதால், நீரிழிவுக்கு மாத்திரை உண்போர் தாமாகவே உட்கொண்டால் மயக்கம் நேரலாம். சிறுநீரைப் பெருக்கும் மருந்தோ, குருதி உறையாமைக்கான மருந்தோ உண்போரும் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். கருவுற்றோர் தவிர்ப்பதே நலம். சாக்கடை ஓரத்திலும், களைக்கொல்லி தெளித்த வயலிலும் பறித்த செடி மருந்தாகாது. செடியை வேருடன் பிடுங்க மனம் ஒவ்வாதோர் ஒன்றை அறியலாம்: இதன் சிறப்புப் பொருளாகிய பில்லாந்தின் இலையில்தான் மிகுதி, வேரில் மிகக் குறைவு.

உப்பில்லாப் பத்தியம் எல்லோர்க்கும் வேண்டுவதன்று. வாந்தியால் தளர்ந்தவர்க்கு அது தீங்கும் செய்யலாம். காமாலை கண்டவர் அந்நாட்களில் உபவாசம் மேற்கொள்ளாது, எளிய உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும். நோய் நீங்கியபின் விரதத்தைத் தொடரலாம்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். செடியைக் கழுவும் நீரும், மோரில் சேர்க்கும் நீரும் தூய்மையற்றவையாயின், எந்தக் கிருமிக்கு மருந்து தேடுகிறோமோ அதனையே மருந்துடன் புகட்டியவராவோம். நீரைத் துணியால் வடித்துப் பருகுவது நம் இல்லங்களின் நெடுநாள் ஒழுக்கம். சிற்றுயிர்களைக் காக்கும் அவ்வடிதுணி இக்கிருமியைத் தடுக்காது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 35,000-க்கு மேற்பட்ட ‘ஏ’ வகைக் கிருமிகள் வரிசையாக நிற்கும் அளவு அது நுண்ணியது. வடித்தபின் கொதிக்க வைத்துப் பருகும் வழக்கமே இங்குத் துணை செய்கிறது. நீர் தளதளவெனக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் அக்கிருமி அழியும். குருதிவழிப் பரவும் ‘பி’ வகைக்கோ தடுப்பூசி உண்டு. 2011 முதல் நாடெங்கும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்துள்ளது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட வேண்டும் என்பதால், பிரசவத்திற்குச் செல்லும்போதே அதனைக் கேட்டு வைத்துக்கொள்க.