லோரியைக் கூப்பிடுவதற்கு முன்

குளுவாங், ஜொகூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் நீ கஸ்டம்ஸ் வரிசையில் நின்றபடி வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்டு முடித்துவிடுவாய். இது உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்.

உன் அம்மா போன் செய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டை ஒழிக்க வேண்டும், பாதிக்கு மேல் வேண்டாத சாமான், ஒரு சனிக்கிழமை லோரியைக் கூப்பிட்டு மொத்தமாக ஏற்றிவிடலாம் என்றாயாம். யூடியூபில் பார்த்த மினிமலிசம் பற்றியும் அவளுக்கு வகுப்பெடுத்தாயாம். அவள் அழவில்லை. "என் வீட்டில் எது குப்பை என்று இவள் சொல்வதா?" என்று கேட்டாள். அப்படியே எங்கள் அம்மாவின் குரல்.

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை அவளிடமே சொன்னேன். அந்த ஸ்டோர் அறைக் கதவு முழுசாகத் திறந்து பல வருஷம் ஆகிறது. ஓடாத மிக்சி, கைப்பிடி போன குக்கர், துரு ஏறிய மைலோ டின்கள், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவிக்கொத்து. குறைக்கத்தான் வேண்டும். யாருடைய சாமானிலிருந்து தொடங்குவது, எடுத்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் எனக்கும் உனக்கும் வழக்கு.

நாங்கள் பிறந்தது ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் என்பது உனக்குத் தெரியும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். எங்களுக்கென்று இருந்தது ஒரு தகரப் பெட்டி, அம்மி, நாலைந்து பித்தளைப் பாத்திரம், தாத்தா தவணையில் வாங்கிய தையல் மிஷின், அவ்வளவுதான். அந்தத் தகரப் பெட்டியின் அடியில், வேட்டித் துணியில் சுற்றி, காகிதங்கள் இருந்தன. தாத்தாவின் ஐசி, எங்கள் பிறப்புப் பத்திரங்கள், தோட்டத்துக் கிராணி எழுதிக்கொடுத்த ஒரு சீட்டு. சாம்பிராணிப் புகை போடும்போது பெட்டிக்கும் சேர்த்துப் போடுவார் பாட்டி. சாமியும் காகிதமும் அவருக்கு ஒன்று.

காரணம் இருந்தது. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் தோட்டங்களில் குடியுரிமைக்கு மனுப் போடாதவர்கள், போட வழி தெரியாதவர்கள் ஏராளம். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் வாங்கினால்தான் வேலை என்றானது. அடுத்த சில வருஷங்களில் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1926 முதல் நம் ஆட்களை ஏற்றி இறக்கிய ரஜூலா கப்பல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் லயத்திலேயே வீடுகள் காலியாயின. அம்மியைத் தூக்கிப் போக முடியாது என்று பாட்டியிடம் விட்டுப் போனவர்கள் உண்டு. உன் அம்மா அப்போது சின்னப் பிள்ளை. கூட விளையாடியவள் திடீரென்று இல்லாமல் போனது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எதையும் கைவிடாத குணம் அவளுக்குச் சோம்பலில் வந்ததென்று நினைக்காதே.

ஆகவே முதல் பேச்சு: எதை வேண்டுமானாலும் குறை, காகிதத்தில் கை வைக்காதே. பழைய ஐசி, பிறப்பு இறப்புப் பத்திரங்கள், இபிஎப் கணக்கு, வீட்டுக் கிரான், தாத்தாவின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறாக எழுதப்பட்டிருக்கும் அந்தக் கிழிந்த தாள் உட்பட எல்லாம் ஒரு நல்ல பையில் போகட்டும். இந்த நாட்டில் இன்றைக்கும் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் அலைகிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். போனில் படம் எடுத்து வைத்துவிட்டேன் என்று அசலை எறிந்துவிடாதே.

2023 மார்ச்சில் யோங் பெங், செகாமட், பத்து பகாட் பக்கம் வெள்ளம் வந்ததே, கோயில் பெண்கள் குழுவோடு நானும் உதவிக்குப் போயிருந்தேன். சில இடங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. வடிந்த பிறகு வீட்டு வாசல்தோறும் மெத்தையும் சோபாவும் மலையாகக் கிடந்தன. பலகைத் தூளில் செய்த அலமாரிகள் தண்ணீரில் ஊறி, ரொட்டிபோல உப்பிப் பிரிந்திருந்தன. ஒரு வீட்டம்மா அதில் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. துணிக்கொடியில் கிளிப் போட்டுப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் கல்யாண ஆல்பத்திலிருந்து உரித்தெடுத்த படங்களையும் உலர்த்திக்கொண்டிருந்தார். சோபாவுக்குத் தவணை இன்னும் முடியவில்லை என்று வீட்டுக்காரர்தான் புலம்பினார்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். உன் அம்மாவின் ஸ்டோரில் இருப்பது ஒரு குடும்பம் நாற்பது வருஷத்தில் சேர்த்தது. உன் அறையில் இருப்பது நீ வேலைக்குப் போனபின் சேர்த்தது. போன தடவை வந்தபோது பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் காலணிப் பெட்டிகள், கதவுக்குப் பின்னால் பிரிக்காத பார்சல். சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கி ஜொகூரில் செலவு செய்கிறவர்களுக்கு எல்லாமே மலிவாகத்தான் தெரியும். மனசுக்குள் மூன்றால் வகுத்துப் பார்த்து, இவ்வளவுதானா என்று கூடையில் போட்டுவிடுகிறீர்கள். தப்புச் சொல்லவில்லை, உழைக்கிற பணம். நம் செகாமட் மாவட்டத்து ஜெமந்தாவில் 2003இல் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய ஈக்கோ ஷாப் இன்றைக்கு நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. இரண்டு வெள்ளிச் சொச்சத்துக்குச் சாமான் கிடைக்கும்போது வாங்கலாமா என்று யாரும் யோசிப்பதில்லை. தாத்தா தையல் மிஷின் வாங்க ஒரு வருஷம் யோசித்தார். வாங்கிய மிஷினை எண்ணெய் போட்டுப் போட்டு வைத்திருந்தார். எங்கள் காலத்தில் கையை விட்டுப் போகாமல் காப்பாற்றுவது கஷ்டம். உங்கள் காலத்தில் வீட்டுக்குள் வராமல் தடுப்பதுதான் கஷ்டம். அதனால் ஒழிக்கும் நாளைவிட, நவம்பர் 11 மாதிரி விற்பனை நாட்களில் உன் விரல் எங்கே போகிறது என்பதைப் பார்.

நீ பேர் சொன்னாயே, வீட்டை ஒழுங்குசெய்யக் கற்றுத்தரும் ஜப்பான்காரர் மாரி கோண்டோ, அவர் புத்தகத்தை நானும் புரட்டினேன். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார். அம்மி யாருக்கு மகிழ்ச்சி தந்தது? ஆனாலும் சட்னி அரைந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு வீட்டை அவ்வளவு ஒழுங்காக வைப்பதை ஓரளவு விட்டுவிட்டேன் என்று 2023இல் அவரே சொன்னார்; அதைப் படித்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இன்னொன்றும் யோசி. ஜப்பானியர்கள் வீட்டைக் காலி செய்து கொடுக்கும் பழைய சாமானில் அங்கே விலை போகாதது கண்டெய்னரில் ஏறி எங்கே வருகிறது? நம் நாட்டுக்கும்தான். ஜாலான் ஜாலான் ஜப்பான் கடைகளில் அடுக்கியிருக்கும் கோப்பையும் பையும் பொம்மையும் அப்படி வந்தவை. அங்கே ஒரு வீடு காலியானால் இங்கே ஒரு வீடு நிறைகிறது. ஒரு பொருள் நம் கண்ணை விட்டுப் போனதாலேயே அது இல்லாமல் போய்விடுவதில்லை, பாப்பா.

நீ கூப்பிடும் லோரியும் எங்கேயோ போய்த்தான் கொட்டும். சீலோங் குப்பைமேடு உங்கள் கூலாய் வீட்டிலிருந்து தூரமில்லை. ஒருநாள் அந்தப் பக்கம் போய் வா. மொத்தமாக ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது 2015 செப்டம்பரிலிருந்து ஜொகூரில் சட்டம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிச் சாமானும் பெரிய சாமானும் எடுப்பார்கள். பழைய பேப்பர், இரும்பு, ஓடாத மிக்சி இவற்றுக்கு ஒலிபெருக்கியில் "சுராட் காபார் லாமா" என்று பாடிக்கொண்டு வருகிற லோரி இருக்கிறது. நாலு காசும் கிடைக்கும். அந்தக் காசை அம்மா கையில் கொடு.

பாத்திரத்துக்கு வருவோம், அங்கேதான் சண்டை. எவர்சில்வர் குடங்களைத் திருப்பிப் பார்த்திருக்கிறாயா? விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பெரிய அண்டாவில் தாத்தாவின் தங்கை பெயரும் 1984ம் இருக்கிறது. அது உன் அம்மா கல்யாணத்துச் சீர். அவர் ரப்பர் பால் வெட்டிய காசில் வாங்கியது. நீ அதில் ஒரு அண்டாவைப் பார்க்கிறாய். உன் அம்மா ஓர் ஆளைப் பார்க்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் வாசித்து, யார் என்று கேள். பாதிப் பாத்திரத்தை அவளே எடுத்து வெளியே வைப்பாள். கோயில் அன்னதானச் சமையலுக்குப் பெரிய பாத்திரம் எப்போதும் தேவை. நல்லதைக் கொடுங்கள், ஓட்டை விழுந்ததைச் சாமிக்குத் தள்ளிவிடும் வழக்கம் நமக்கு அதிகம். அதேபோல கண்ணாடி உடைந்த சாமி படங்களை அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு ஓடுவதும். யாரோ ஒருவர்தானே அதைக் கூட்டி அள்ள வேண்டும்? சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியைத் தனியாகச் சுற்றிப் போட்டு, படத்தை என்ன செய்யலாம் என்று ஐயரிடம் கேளுங்கள்.

பட்டுச் சேலைகள் விஷயத்தில் நான் உன் பக்கம். அந்துருண்டை போட்டு, மடிப்பு மாற்றாமல் வருஷக்கணக்கில் வைத்த பட்டு மடிப்போடேயே கிழியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஜரிகை கறுக்கும். கட்டாமல் வைத்திருப்பதைப் பத்திரமாக வைத்திருப்பதாக உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை நான் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றிரண்டை நீ கேட்டு வாங்கி, அவள் கண்ணெதிரே கட்டு. மிச்சத்தைக் கல்யாணத்துக்குச் சேலை வாங்க முடியாத பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு ஆள் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் உடைந்த வாளிகள், டயர், பூந்தொட்டிகளுக்கு மட்டும் யார் சம்மதமும் வேண்டாம். மழைத் தண்ணீர் ஒரு வாரம் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு பொரித்துப் பறந்துவிடும். சுகாதார இலாகா அதிகாரி வந்து புழுவைக் கண்டால் ஐந்நூறு வெள்ளி அபராதம். மினிமலிசம் என்றால் உன் அம்மா சண்டைக்கு வருவாள். டெங்கி என்று சொல்லிப் பார், அவளே வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள்.

புதுக் கொண்டோவுக்கு என்ன வாங்கலாம் என்று உன் மாமியார் வீட்டில் பட்டியல் கேட்டார்களாம். முதல் மூன்று மாதம் பாய், அடுப்பு, நாலு பாத்திரத்தோடு இருந்து பாருங்கள். எது இல்லாமல் கை தடுமாறுகிறதோ அதை வாங்குங்கள். காலியாக இருக்கிறதே என்று வருகிறவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். துறவு பூணச் சொல்கிறேன் என்று மாப்பிள்ளை பயப்பட வேண்டாம், டிவி வாங்கிக்கொள்ளட்டும்.

ஸ்டோர் அறையைப் பற்றி அம்மாவே பேச்செடுக்கும்வரை நீ எடுக்காதே. நான் அடுத்த மாதம் ரயிலில் வந்து ஒரு வாரம் தங்குகிறேன். அவளோடு சேர்ந்து நானே திறக்கிறேன். அதற்குள் உன் கட்டிலுக்கு அடியில் இருப்பதை முடித்து வை. பெட்டி பிரிக்காத காலணி இருந்தால், உன் சித்தப்பா மகளுக்கும் உன் அளவுதான்.

அன்புடன்,
பெரியம்மா