செல்லாத காசுக்கு பர்கர்

கேள்வி: சோவியத் மாஸ்கோவில் மெக்டொனால்ட்ஸ் எப்படிக் கடை போட்டது?

பதில்: நகர நிர்வாகத்தோடு கூட்டு சேர்ந்துதான். 1987-ல் வந்த விதிப்படி வெளிநாட்டாருக்கு அப்போது 49 சதவீதத்துக்கு மேல் பங்கு கிடையாது. கனடா மெக்டொனால்ட்ஸின் ஜார்ஜ் கோஹன் 1976-ல் தொடங்கிய பேச்சு, 1990 ஜனவரி 31-ல் புஷ்கின் சதுக்கத்தில் கடையானது. முதல் நாளே சுமார் 30,000 பேர்!

கூட்டத்தைச் சமாளித்துவிடலாம், சரக்குதான் தலைவலி. நீள வறுவலுக்கு ஏற்ற உருளைக்கிழங்கே அங்கே இல்லை. விதைக்கிழங்கை வெளியிலிருந்து வரவழைத்துப் பயிரிடச் செய்தார்கள். பன், இறைச்சி எல்லாவற்றுக்கும் மாஸ்கோவின் ஓரத்தில், சோல்ன்ட்செவோவில் சொந்த ஆலை. என் கணக்கில் பங்கு விகிதத்தைவிட இந்த ஆலைதான் கூட்டைக் காப்பாற்றியது. இன்னொன்று: வசூல் ரூபிளில். எல்லை தாண்டினால் செல்லாத காசு! அதை அங்கேயே கட்டடம், புதுக்கடை என்று போட்டார்கள்.