விருத்தாசலத்துத் தம்பிக்கு



உன் கடிதம் வந்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தை இனி இங்கே நடத்தாதீர்கள் என்று வீட்டுக்காரர் சொன்னதும், எவ்வளவு காசு வாங்கிக்கொண்டு சாமி கும்பிடுகிறாய் என்று பட்டறையில் கேட்டதும் உன்னை எப்படி வாட்டியிருக்கும்! அழுகை வந்தால் அழு. யோபு வாயை மூடிக்கொண்டு சகிக்கவில்லை, கடவுளிடமே வழக்காடினான். கடைசியில் கடவுள் சினம் கொண்டது அவன் மேல் அல்ல, உன் பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று உபதேசம் செய்த நண்பர்கள் மேல்.

உங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் சூளை உதாரணம் வராமல் இருக்காது. வெந்தால்தான் மண் பீங்கானாகும், வெந்தால்தான் விசுவாசமும் உறுதிப்படும் என்பார்கள். நீ சூளையிலிருந்து சரக்கு இறக்குகிறவன். விரிசல் விட்டதும் கோணிப்போனதும் எவ்வளவு ஒதுங்கும் என்று உனக்குத் தெரியும். துன்பம் தன்னால் யாரையும் நல்லவராக்குவதில்லை. பலரைக் கசந்துபோகவும் வைக்கிறது. ஆகவே அதைத் தேடிப் போகாதே, வந்தால் மார்தட்டவும் செய்யாதே. யார் பக்கம் நின்றதால் அது வந்தது என்று மட்டும் பார்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டனைப் பார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம். அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நொந்திருந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மன்னரின் படையிலேயே சேர்ந்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி அவர். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று நீலகண்டன் தேவசகாயம் ஆனார். அதோடு நின்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அவரோ ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களோடு சரிசமமாகப் பழகினார். 1749-ல் கைது. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள்; அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரில் 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் இல்லை. எனக்கு அதில் பெரிய நிறைவு. எந்த வேலியைத் தாண்டியதற்காக அடிபட்டாரோ, அந்த வேலியைப் பெயரில் சுமக்க வேண்டாம் அல்லவா?

இதை எழுதும்போது, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் எறையூரை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. 2008 மார்ச்சில் ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்களே சாதியால் பிரிந்து மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. தலித் கிறிஸ்தவர்கள் அங்கே கேட்டது கோயிலுக்குள் சமமான இடம். 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் அரசும் அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. சாதிக்கொடுமை மட்டும் மதம் மாறியும் விடவில்லை. விசுவாசத்துக்காகப் பாடுபடுகிறவர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் அவர்களைத்தான் காட்டுவேன். நமக்கு விழுந்த கேலிச் சொல்லை அவர்களுடைய தலைமுறைத் துன்பத்தின் பக்கத்தில் வைத்துப் பார், தம்பி.

அதற்காக உன் வலி பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: கூட்டத்தில் மைக் வைத்தீர்களா? ராத்திரி பத்து மணியைத் தாண்டியதா? பேதுரு தம் கடிதத்தில் இதைப் பிரித்தே சொல்கிறார்; பிறர் காரியத்தில் தலையிட்டு வாங்கிக்கொண்ட பாடு கிறிஸ்துவுக்காகப் பட்டதாகாது. தப்பு நம்முடையது என்றால் மன்னிப்புக் கேள். இல்லையென்றால் தலைகுனியாதே. தலைமைக் குருவின் முன்னால் காவலன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை, நான் சொன்னதில் என்ன தவறு, எதற்காக அடித்தாய் என்று கேட்டார். காசு வாங்கினாயா என்று கேட்டவரிடம் நீயும் அப்படியே கண்ணைப் பார்த்துக் கேட்கலாம். பவுல் ரோமைக் குடியுரிமையைச் சொல்லி, சீசரிடமே முறையிடுவேன் என்றார். நமக்கு மதச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25-ம் பிரிவு இருக்கிறது. யாராவது கைநீட்டினால் பங்குச் சாமியாரிடம் சொல்லி, போலீசில் எழுதிக் கொடு. சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு ஆகாது. கூட்டத்தை அடுத்த தெருவில் இன்னொரு வீட்டுக்கு மாற்றுவதும் தோல்வி இல்லை. ஒரு ஊரில் துரத்தினால் மறு ஊருக்குப் போகச் சொன்னவரே இயேசுதான்.

வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரரைப் பற்றிப் போட்டதை இன்றைக்கே எடுத்துவிடு. அவர் கூட்டத்தைத்தான் வேண்டாம் என்றார், உன்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே. அவசியம் போ. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு. என் பெயரிலும் மொய் எழுதிவிடு, பணம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை