உழவர் இல்லத்தில் உயர்ந்தது எது?



மாத்தளை மாவட்டத்தின் பழைய பல்லேகம ஊர் இன்று களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 2018இல் அங்கு நீர் தேக்கப்பட்டது. வயலும் சேனையும் செய்த குடும்பங்கள் வேறிடம் குடியேறின. காணியையும் இழப்பீட்டையும் கந்தோர் அளந்து கொடுக்கலாம். அயலவர் உறவை யார் அளந்து கொடுப்பார்?

நமக்கும் அப்படியொரு நாள் வந்தால் எதை இழக்க அஞ்சுவோம்? அதையே நாம் மெய்யாக மதிக்கிறோம்.

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1961இல் எழுதிய சுற்றுமடலில் கமத்தொழிலை இறைவன் தந்த அழைத்தல் என்று போற்றினார். ஆகவே விளைச்சல் மட்டும் நம் வாழ்வுக்கு அளவுகோல் ஆகாது.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். அம்மம்மா முதல் பள்ளிப் பிள்ளை வரை, 'எந்த விலைக்கும் இதை விடமாட்டேன்' என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லட்டும். யாரும் குறுக்கே பேசவேண்டாம். சொன்னவற்றைக் கொப்பியில் எழுதி, சென்ற போகத்தின் வரவு செலவுக் கணக்கை அருகே வையுங்கள்.

பிள்ளையின் படிப்பு என்று எழுதினோம். அறுவடை நாளில் அவனைப் பள்ளிக்கு அனுப்பினோமா? உடல்நலம் என்று எழுதினோம். மூக்கைக் கட்டாமல் மருந்தடித்தோமா? குடும்பச் சமாதானம் என்று எழுதினோம். நகையை அடகு வைத்ததை மனைவிக்குச் சொன்னோமா?

களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனை ஆண்டவர் உவமையில் காட்டினார். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது.

அடுத்த போகத்துக்குக் கடன் வாங்குமுன், குடும்பமாக அந்தக் கொப்பியை வாசியுங்கள்.