பள்ளிச் சுவரிலிருந்து எத்தனை அடி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

ஒரு பொருளை விற்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டால் மறுநாளே கடை திறந்துவிடலாம் என்றுதான் நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவில் கஞ்சா விற்பனைக்கு அனுமதியளித்த மாநிலங்களின் வரலாற்றைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். ‘விற்கலாமா?’ என்ற வினாவுக்கு அங்கே மாநிலம் விடை சொல்கிறது. ‘எங்கே விற்கலாம்?’ என்ற வினாவுக்குப் பெரும்பாலும் ஊர்தான் விடை சொல்கிறது. இந்த இரண்டாவது வினாவைப் பற்றியதே இக்கட்டுரை. கஞ்சா நல்லதா, கெட்டதா என்று ஆராய்வது என் நோக்கமன்று. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்பதை யாவரும் அறிவோம். கணிதம் படிக்கும் என்னை ஈர்த்தவை அந்த விதிகளில் உள்ள அடிக்கணக்குகளே.

முதலில் சிறிது வரலாறு. அமெரிக்க மத்திய அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. அந்தத் தடை இருக்கும்போதே மாநிலங்கள் தனி வழியே நடக்கத் தொடங்கின. 1996இல் கலிபோர்னியா மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி தந்தது. 2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்களின் மக்கள், வயது வந்தோருக்குக் கடையில் வைத்தே விற்கலாம் என்று வாக்களித்தனர். 2014 ஜனவரி 1ஆம் நாள் கொலராடோவில் கடைகள் திறந்தன. 2016இல் வாக்களித்த கலிபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல் விற்பனை நடைபெறுகிறது.

ஆனால் கொலராடோ மக்கள் ஏற்ற அதே திருத்தத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது. விரும்பாத ஊர் தன் எல்லைக்குள் கடையே வேண்டாம் என்று விலக்கிக் கொள்ளலாம். டென்வர் நகரம் முதல் நாளே கடைகளைத் திறந்தது. அம்மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரான கொலராடோ ஸ்பிரிங்சு, மருத்துவக் கடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் கதவை மூடிவிட்டது. அந்நகர மக்கள் 2024 நவம்பரில் வாக்களித்த பிறகே அந்தக் கதவு திறந்தது. மாநிலம் ஒன்று, சட்டம் ஒன்று. நடுவே ஏறத்தாழ 70 மைல் தூரம், அவ்வளவுதான். கலிபோர்னியாவிலும் இதே நிலைதான். ஊராட்சிகள் தம் நிலப்பகுப்பு அதிகாரத்தைக் கொண்டே கஞ்சாக் கடைகளை விலக்கலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் ரிவர்சைடு நகர வழக்கில் தீர்ப்பளித்தது.

நிலப்பகுப்பு என்பது என்ன? ஊரைக் குடியிருப்பு மண்டலம், வணிக மண்டலம், தொழில் மண்டலம் என்று படத்தில் வண்ணமிட்டுப் பிரித்து, எந்த வண்ணத்தில் எது நடக்கலாம் என்று வரையறுப்பது. நியூயார்க் நகரம் 1916இல் நகரம் முழுமைக்கும் இத்தகைய விதியைச் செய்தது. 1926இல் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறை செல்லும் என்றது. வடிவியல் தந்த மேதையின் பெயரே அவ்வூருக்கும் அமைந்திருப்பதைக் கண்டு நான் சற்று மகிழ்ந்ததுண்டு!

கஞ்சாக் கடைக்கு வண்ணம் மட்டும் பொருந்தினால் போதாது; தூரமும் பொருந்த வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளி, விளையாட்டுத் திடல், குழந்தைகள் காப்பகம், பூங்கா, நூலகம், பேருந்து நிலையம் முதலியவற்றிலிருந்து 1000 அடிக்குள் கடை கூடாது என்று விதித்தார்கள். பள்ளியும் விளையாட்டுத் திடலும் நீங்கலாக மற்றவற்றுக்கு 100 அடி வரை குறைத்துக் கொள்ள ஊர்களுக்கு 2015இல் இடம் தந்தார்கள். கலிபோர்னியாவில் பள்ளி, காப்பகம், இளைஞர் மையம் ஆகியவற்றுக்கு 600 அடி. ஊர் விரும்பினால் வேறு அளவு வைக்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் 700 அடி வைத்தது. 1000 என்ற எண்ணுக்கு ஒரு முன்னோடி உண்டு. பள்ளிக்கு 1000 அடிக்குள் போதைப்பொருள் விற்றால் தண்டனை இரட்டிப்பு என்று 1984இலேயே மத்திய அரசு சட்டம் செய்திருந்தது.

600க்கும் 1000க்கும் இடையே என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளியை ஒரு புள்ளியாகக் கொண்டால், 600 அடி ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 26 ஏக்கர். 1000 அடி ஆரத்துக்கு 72 ஏக்கர். ஆரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை; பரப்போ மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. மேலும் பள்ளி ஒரு புள்ளியன்று. பக்கத்துக்கு 600 அடி உள்ள சதுர வளாகம் என்று கொண்டு, அதன் எல்லையிலிருந்து 1000 அடி அளந்தால், சதுரத்தின் பரப்பு, நான்கு பக்கமும் நான்கு செவ்வகங்கள், நான்கு மூலைகளிலும் கால்வட்டங்கள் என்று சேர்த்து ஏறத்தாழ 135 ஏக்கர் வருகிறது. ஒரே ஒரு பள்ளிக்கு! இதனுடன் பூங்காவுக்கு ஒரு வட்டம், காப்பகத்துக்கு ஒரு வட்டம், ஏற்கெனவே உள்ள கடைக்கு ஒரு வட்டம் என்று போட்டுக்கொண்டே போனால் நகரப் படத்தில் மிஞ்சுவது சில துண்டுகளே.

அந்தத் துண்டுகள் எங்கே விழுகின்றன என்பதில்தான் கணக்கு முடிந்து வாழ்க்கை தொடங்குகிறது. குடியிருப்பு மண்டலம் விலக்கப்பட்டது. ஆகவே கிடங்குகளும் தொழிற்சாலைகளும் உள்ள பகுதிகளே மிஞ்சும். டென்வர் நகரின் வடபகுதியில் குளோப்வில், எலிரியா-ஸ்வான்சி என்ற பேட்டைகள் உள்ளன. இரயில் பாதைகளும் நெடுஞ்சாலையும் கிடங்குகளும் சூழ்ந்த, உழைப்பாளி மக்கள் வாழும் பேட்டைகள். கஞ்சா வளர்க்கும் கூடங்கள் அங்கே பெருமளவில் குவிந்தன. அதன் வாடையையும் அம்மக்களே சுவாசித்தனர். குழந்தைகளைக் காக்க வரைந்த வட்டம் ஒரு பகுதிக் குழந்தைகளிடமிருந்து கடையைத் தள்ளி, இன்னொரு பகுதிக் குழந்தைகளின் தெருமுனைக்குக் கொண்டு சேர்க்கிறது. விதி தவறு என்று நான் சொல்லவில்லை; அதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இடம் அருகினால் வாடகை ஏறும். தடைச் சட்டக் காலத்தில் மிகுதியும் சிறை சென்றவர்கள் ஏழைகளும் கறுப்பின மக்களுமே என்பதால், அவர்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை தரும் திட்டத்தை ஓக்லண்டு நகரம் 2017இல் தொடங்கிற்று. லாஸ் ஏஞ்சல்சும் பின்தொடர்ந்தது. அங்கே 2019 செப்டம்பரில் 100 உரிமங்களுக்கு 800க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே, தூர விதிகளுக்குப் பொருந்திய ஒரு கடையை வாடகை ஒப்பந்தத்தில் பிடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மத்தியத் தடையின் காரணமாகப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை. உரிமம் கிடைக்காமலே மாதக்கணக்கில் பூட்டிய கடைக்கு வாடகை செலுத்த எந்த ஏழையால் இயலும்? பணம் படைத்த கூட்டாளியின் தயவில் பலர் நின்றனர். 2020இல் நகரம் விதியை மாற்றி, முதலில் குலுக்கல், பிறகு இடம் என்று ஆக்கியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். படிவத்தில் ‘இணைப்பு’ என்று கேட்கும் ஒரு தாளுக்காக எத்தனை படி ஏற வேண்டும் என்பதை அறிவேன். ஆகவே அந்தப் பூட்டிய கடைகளின் செய்தி எனக்கு அயல்நாட்டுச் செய்தியாகப் படவில்லை.

தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதும் சிறிய வினாவன்று. வரப்புத் தகராறு கண்ட எவரும் இதை ஒப்புவர். சங்கிலியின் நீளத்தைப் பற்றி யாரும் சண்டையிடுவதில்லை, முதல் முளை எங்கே என்பதுதான் சண்டை. நியூயார்க் மாநிலம் 2021இல் விற்பனைக்குச் சட்டம் செய்தபோது பள்ளி நிலத்திலிருந்து 500 அடி, வழிபாட்டு இடத்திலிருந்து 200 அடி என்று வைத்தது. உரிமம் வழங்கும் அலுவலகமோ பள்ளியின் வாசலிலிருந்து கடை வாசலுக்கு அளந்து வந்தது. சட்டப்படி பள்ளி மனையின் எல்லையிலிருந்தே அளக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் அதே அலுவலகம் அறிவித்தது. வாசல் என்ற புள்ளியிலிருந்து 500 அடி என்றால் 18 ஏக்கர். பக்கத்துக்கு 200 அடி உள்ள சிறிய பள்ளி மனையின் எல்லையிலிருந்து என்றால் 28 ஏக்கர். இடைப்பட்ட அந்தப் பத்து ஏக்கர் போன்ற பட்டைகளில் ஏறத்தாழ 150 கடைகளும் விண்ணப்பங்களும் அகப்பட்டுக்கொண்டன. அவற்றுள் பல, அரசு அளந்து, அரசே ஒப்பமிட்டு, சேமிப்பையெல்லாம் கொட்டித் திறந்த கடைகள். அலுவலகம் மன்னிப்புக் கோரியது. சட்டமன்றம் திருத்தம் செய்யட்டும் என்றது. கடைக்காரர்களில் சிலர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் கடையும் நகரவில்லை, பள்ளியும் நகரவில்லை. அளவுநாடாவின் ஒரு முனை மட்டும் வாசலிலிருந்து வேலிக்கு நகர்ந்திருந்தது.